எழுதுவதற்கு விட்ட இடம்

1355 டிசம்பரில் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலம் தன் ஆசிரியர்களுக்கு ஒரு தடை போட்டது. மாணவர்கள் எழுதிக்கொள்ளட்டும் என்று வரி வரியாக நிறுத்திச் சொல்லும் வழக்கம் இனிக் கூடாது. காது கேட்டு மனம் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் கை எட்டிப் பிடிக்கக் கூடாது; அந்த வேகத்தில்தான் பாடம் நடக்க வேண்டும். மீறுகிற ஆசிரியர் ஓராண்டு பாடம் நடத்த முடியாது. மாணவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்பதும் ஆணையை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. கூச்சல் போட்டோ, சீழ்க்கை அடித்தோ, கல் எறிந்தோ, வேலையாட்களை ஏவிவிட்டோ வகுப்பைக் கலைப்பவர்களுக்கும் தண்டனை உண்டு என்று அதிலேயே சேர்த்துவிட்டார்கள்.

கல்லெறிவார்கள் என்று அஞ்சும் அளவுக்கு அந்தக் குறிப்புகளில் என்ன இருந்தது? அச்சு ஐரோப்பாவுக்கு இன்னும் வரவில்லை. புத்தகம் என்பது பெரும்பாலும் தோலில் கையால் எழுதி உருவாகும் பெருஞ்செலவுப் பொருள். வகுப்பில் எழுதி எடுத்ததுதான் பல மாணவர்களுக்குப் புத்தகம். கை ஓடாத வேகத்தில் ஆசிரியர் பேசிவிட்டால், அன்றைய பாடம் காற்றோடு போயிற்று.

பல்கலைக்கழகங்கள் இதற்கு வேறொரு வழியும் வைத்திருந்தன. 13-ஆம் நூற்றாண்டில் பொலோனியாவிலும் பாரிசிலும் பெசியா என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. பல்கலைக்கழகம் சரிபார்த்த மூலப்பிரதி ஒன்றைப் புத்தக வணிகர் தைத்துக் கட்டாமல் தனித்தனி மடிப்புகளாகவே வைத்திருப்பார். ஒரு மடிப்பு பெரும்பாலும் 4 ஏடுகள், அதாவது 8 பக்கங்கள். அதை வாடகைக்கு எடுத்து, நகல் எழுதி, திருப்பிக் கொடுத்து, அடுத்த மடிப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே நூலைப் பலர் ஒரே சமயத்தில் நகலெடுக்க முடிந்தது. வாடகை எவ்வளவு என்பதையும் பல்கலைக்கழகமே கட்டுப்படுத்தியது.

பாடம் கேட்பவர் கைக்குத் தாள் எப்படிப் போய்ச் சேர வேண்டும், அதில் எவ்வளவு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும், எவ்வளவு அவருக்காகக் காலியாக இருக்க வேண்டும்? பிரவுசரில் ஓடும் ஸ்லைடுகளைத் தாளில் அச்சிட முயலும் இன்றைய ஆசிரியருக்கும் இதே கேள்விகள்தாம். இவற்றுக்குக் கிடைத்த மிகச் சிறந்த விடைகளில் ஒன்று 500 ஆண்டுகளுக்கு முன் சில அச்சுக்கூடங்களிலிருந்து வந்தது.

ஜெர்மனியின் லைப்சிக் நகரம். 1490-களிலிருந்து சுமார் 1520 வரை அங்கே மார்ட்டின் லாண்ட்ஸ்பெர்க், மெல்கியோர் லொட்டர் போன்ற அச்சகத்தார், பல்கலைக்கழக வகுப்புகளுக்கென்றே லத்தீன் நூல்களை அச்சிட்டார்கள். சிசரோ, ஹொராஸ், வெர்ஜில் எல்லாம் மெல்லிய புத்தகங்களாக வந்தன. அவற்றைத் திறந்தால் கண்ணில் முதலில் படுவது வெறுமைதான். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே அகலமான இடைவெளி இருக்கும். நான்கு ஓரங்களும் விசாலமாக இருக்கும்.

காகிதம் மலிவாக இருந்த காலம் அல்ல அது. ஒரு புத்தகத்தின் அடக்க விலையில் காகிதத்துக்கே பெரும் பங்கு போயிற்று. அப்படியிருந்தும் அச்சகத்தார் அந்த வெள்ளையை விட்டார்கள். மாணவர்கள் காசு கொடுத்தது அதற்காகவும்தான். வரிகளுக்கு நடுவே, கடினமான சொல்லுக்கு ஆசிரியர் சொல்லும் எளிய பொருளைப் பொடி எழுத்தில் எழுதினார்கள். ஓரங்களில் நீண்ட விளக்கவுரையை எழுதினார்கள். இன்றைக்கு ஐரோப்பிய நூலகங்களில் இருக்கும் அந்தப் பிரதிகள் பலவற்றில் அச்செழுத்தைவிடக் கையெழுத்தே அதிகம். பாரிஸ் அச்சகங்களும் 16-ஆம் நூற்றாண்டில் இதே பாணியில் வகுப்புப் பதிப்புகளை வெளியிட்டன. மூலநூல் அச்சில், விளக்கம் மாணவர் கையில் என்று வேலை பிரிந்தது. மூலத்தை எழுதி மாளும் சுமை குறைந்தது. கேட்டு, புரிந்து, சுருக்கி எழுதும் வேலை மட்டும் அவருக்கே விடப்பட்டது.

அந்த வேலை எத்தனை மதிப்பானது என்பதற்கு லண்டனில் ஒரு சாட்சி உண்டு. 1812-இல் புத்தகம் கட்டும் தொழில் பயின்றுகொண்டிருந்த மைக்கேல் ஃபாரடே, ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டார். எடுத்த குறிப்புகளை விரித்து எழுதி, படங்கள் சேர்த்து, தானே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டே அங்கே அவருக்கு வேலை கிடைத்தது. ஜெனீவாவிலும் ஒரு சாட்சி உண்டு. அங்கே மொழியியல் பாடம் நடத்திய ஃபெர்டினாண்ட் டி சொசூர் தன் கொள்கையை நூலாக எழுதாமலே இறந்தார். 1916-இல் வெளிவந்து மொழியியலின் போக்கையே மாற்றிய அவருடைய நூல், 1907-க்கும் 1911-க்கும் இடையில் மாணவர்கள் எழுதிவைத்த நோட்டுப் புத்தகங்களிலிருந்து தொகுக்கப்பட்டது.

ஆசிரியரே தன் பாடத் தாளைத் தயாரித்து வகுப்பு முழுக்கக் கொடுப்பது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் எளிதாயிற்று. 1876-இல் தாமஸ் எடிசன் மின்பேனாவால் ஸ்டென்சில் குத்தி நகலெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1881-இல் லண்டனில் டேவிட் கெஸ்டெட்னர் சைக்ளோஸ்டைல் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1887-இல் சிகாகோவின் ஏ.பி. டிக் நிறுவனம் மிமியோகிராஃபை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளும் அலுவலகங்களும் பல பத்தாண்டுகள் இந்த இயந்திரங்களை நம்பித்தான் இருந்தன. மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளை டைப்ரைட்டரில் ரிப்பன் இல்லாமல் அடிக்க வேண்டும். எழுத்து விழுந்த இடத்தில் பூச்சு விலகும். அதை மை உருளையில் சுற்றிக் கைப்பிடியைச் சுழற்றினால் தாள் தாளாக விழும். தட்டச்சில் பிழை விழுந்தால் திரவம் தடவி, உலரவிட்டு, மேலே மறுபடி அடிக்க வேண்டும். பாடுபட்டுத் தயாரிக்கும் தாள் என்பதால் எதை அச்சிடுவது, எதை வகுப்பில் வாய்மொழியாகச் சொல்வது என்று ஆசிரியர் முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். கேள்விகளும் வரைபடங்களும் சூத்திரங்களும் தாளில் வரும். விளக்கம் வகுப்பில் வரும். 1959-இல் அறிமுகமான ஜெராக்ஸ் 914 இயந்திரம் இந்தச் சிரமத்தைப் போக்கியது. ஏற்கெனவே இருக்கும் எந்தத் தாளையும் அப்படியே நகலெடுக்கலாம் என்று ஆனபோது, அந்த முன்கூட்டிய தீர்மானமும் தளர்ந்தது.

இதற்கிடையே வகுப்பின் சுவர் மாறிக்கொண்டிருந்தது. 35 மி.மீ. ஸ்லைடுகளுக்கு அறையை இருட்டாக்க வேண்டும். இருட்டில் யாரால் நோட்ஸ் எடுக்க முடியும்? ஓவர்ஹெட் புரொஜெக்டர் அந்தத் தொல்லையைத் தீர்த்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் பயிற்சிக்குப் பயன்படுத்திய இந்தக் கருவி, 1960-களில் 3எம் நிறுவனத்தின் மலிவான மாதிரிகள் வந்தபின் வகுப்பறைகளில் பரவியது. விளக்கை அணைக்க வேண்டாம். ஆசிரியர் மாணவர்களைப் பார்த்தபடியே கண்ணாடித் தாளில் எழுதலாம். அவர் எழுதும் வேகத்தில் மாணவரும் எழுதலாம். அதே கண்ணாடித் தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கவும் செய்யலாம்.

பவர்பாயிண்ட் பிறந்தது இந்தக் கண்ணாடித் தாள்களைத் தயாரிப்பதற்காகத்தான். ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனத்தில் ராபர்ட் காஸ்கின்ஸ் திட்டமிட, டென்னிஸ் ஆஸ்டின் எழுதிய அந்த மென்பொருள் 1987 ஏப்ரலில் மெக்கின்டாஷ் கணினிக்கு வெளியானது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. முதல் பதிப்பு கறுப்பு வெள்ளைதான்; திரையில் ஓட்டுவதைவிட அச்சிடுவதே அதன் முதன்மையான நோக்கம். பேசுபவருக்கான குறிப்புத் தாள், கேட்பவர்களுக்கான கைத்தாள் இரண்டும் தொடக்கத்திலேயே அதில் இடம்பெற்றன. பின்னாளில் பரவலான வடிவம் ஒன்று உண்டு. பக்கத்தின் இடப்புறம் 3 சிறிய ஸ்லைடுகள், வலப்புறம் ஒவ்வொன்றுக்கும் எதிரே கோடு போட்ட காலியிடம். லைப்சிக் பதிப்புகளுக்கு மிக நெருங்கிய உறவு அந்த வடிவம்தான். காகிதத்தை மிச்சம் பிடிக்க 6, 9 என்று ஒரே பக்கத்தில் அடைத்தபோது கோடுகளும் போயின, எழுத்தும் படிக்க முடியாமல் போனது.

ஸ்லைடு என்ற வடிவத்தையே எதிர்த்தவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் டஃப்டி. 2003-இல் வெளியிட்ட சிறுநூலில், கொலம்பியா விண்கல விபத்துக்கு முன் நாசாவுக்கு அளிக்கப்பட்ட ஸ்லைடு ஒன்றை வரி வரியாக ஆராய்ந்து, ஆபத்தைச் சொல்லும் செய்தி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய புள்ளிக் குறிகளுக்குள் எப்படிப் புதைந்தது என்று காட்டினார். அவர் சொன்ன மாற்று எளிமையானது: பெரிய தாள் ஒன்றை இரண்டாக மடித்து, 4 பக்கங்களில் முழு வாக்கியங்களும் அட்டவணைகளும் படங்களும் கொண்ட அறிக்கையைக் கேட்பவர் கையில் கொடுங்கள்.

கல்வி உளவியலாளர்கள் இதற்கு வெகு முன்பே வேறு திசையிலிருந்து இந்த இடத்துக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். 1972-இல் டி வெஸ்டா, கிரே இருவரும் எழுதிய ஆய்வு, நோட்ஸ் எடுப்பதில் இரு பயன்களைப் பிரித்துக் காட்டியது. எழுதும் செயலே பாடத்தை மனதில் பதிய வைக்கிறது என்பது ஒன்று. எழுதியது பிறகு படிக்கக் கிடைக்கிறது என்பது மற்றொன்று. எல்லாம் அச்சிட்ட கைத்தாள் இரண்டாவதை முழுமையாகத் தருகிறது, முதலாவதைப் பறித்துவிடுகிறது. எதுவுமே தராவிட்டால் மாணவர் படியெடுப்பவராகிவிடுகிறார். தலைப்புகளும் படங்களும் அச்சில் இருக்க, முக்கியமான இடங்கள் காலியாக விடப்பட்ட தாள் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. கையெழுத்துக் குறிப்பு, லேப்டாப்பில் தட்டும் குறிப்பைவிடச் சிறந்தது என்று 2014-இல் முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரும் வெளியிட்ட ஆய்வு பெரும்புகழ் பெற்றது. பின்னர் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த அளவு தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. பேனாவா விசைப்பலகையா என்ற வாதம் முடியவில்லை. மாணவர் தாமே ஏதாவது எழுத வேண்டும் என்பதில் பெரிய சண்டை இல்லை.

வலையில் ஸ்லைடு போடும் கதை, வலைப்பக்கத்துக்குத் தோற்ற விதிகள் வகுத்த கதையோடு பின்னிக் கிடக்கிறது. 1994 அக்டோபரில் ஹோகோன் வியும் லீ முன்மொழிந்து, பெர்ட் போஸுடன் சேர்ந்து வளர்த்த சிஎஸ்எஸ் என்ற தோற்ற விதிமொழி, உள்ளடக்கத்தையும் அதன் தோற்றத்தையும் பிரித்து வைத்தது. 1998 மே மாதம் வந்த இரண்டாம் பதிப்பு இன்னொரு பெரிய அடி எடுத்து வைத்தது. ஒரே பக்கத்துக்குத் திரைக்கு ஒரு தோற்றம், புரொஜெக்டருக்கு ஒரு தோற்றம், அச்சுக்கு ஒரு தோற்றம் என்று தனித்தனியே விதி எழுதலாம். பக்கம் எங்கே முறிய வேண்டும், எங்கே முறியக் கூடாது என்றும் சொல்லலாம். ஓபரா பிரவுசர் இதைப் பயன்படுத்திக்கொண்டது. முழுத்திரைக்கு மாறினால், சாதாரண வலைப்பக்கம் ஸ்லைடு ஸ்லைடாக ஓடியது.

மற்ற பிரவுசர்களிலும் அது ஓட வேண்டும் என்று 2004-இல் எரிக் மேயர் எஸ்5 என்ற கருவியை வெளியிட்டார். பாடம் முழுக்க ஒரே கோப்பு. அதில் ஒவ்வொரு ஸ்லைடின் கீழும் ‘ஹேண்ட்அவுட்’ என்று பெயரிட்டு ஒரு பகுதி சேர்க்கலாம். வகுப்பில் ஸ்லைடு ஓடும்போது அது மறைந்திருக்கும். அச்சிட்டால் தாளில் வரும். அடுத்த ஆண்டு உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் டேவ் ராகெட் வெளியிட்ட ஸ்லைடியிலும் இதே வசதி இருந்தது. திரைக்குத் தேவை பெரிய எழுத்தில் நான்கு சொற்கள். தாளுக்குத் தேவை முழு விளக்கமும் எழுத இடமும். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தாலும் இரு வேறு ஆவணங்கள் என்பதை இந்தச் சிறு வசதி ஒப்புக்கொண்டது. டெக் மொழியில் எழுதும் கணிதத் துறையினருக்கு டில் டண்டாவ் இதற்குச் சற்று முன்பே வழி செய்திருந்தார். 2003-இல் தன் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்காக அவர் உருவாக்கிய பீமரில், ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். வரி வரியாக வெளிப்படும் ஸ்லைடு பல பக்கங்களாகப் பெருகாமல் ஒரே பக்கமாக ஒடுங்கும்.

2011 முதல் வந்த தலைமுறையின் கவனம் வேறு பக்கம் போனது. ஹகீம் எல் ஹத்தாபின் ரிவீல்.ஜேஎஸ் முப்பரிமாணத் திருப்பங்களுடன் ஸ்லைடுகளை நகர்த்தியது. இம்ப்ரஸ்.ஜேஎஸ் எல்லையற்ற ஒரு பரப்பில் எழுத்துகளைச் சுழற்றியும் பெருக்கியும் காட்டியது. அழகும் உயிரும் கொண்ட கருவிகள் இவை. கணினிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் பலர் இவற்றுக்கு மாறினார்கள். ஆனால், ரிவீல் ஸ்லைடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் அடுக்கி, தேவைப்படும்போது ஒன்றை மட்டும் வெளிப்படுத்துகிறது; இம்ப்ரஸ் அவற்றை ஒரே பரப்பில் சிதறவிடுகிறது. தனி ஏற்பாடு இல்லாமல் அச்சிடச் சொன்னால் பிரவுசர் தடுமாறிப்போகும்.

ரிவீலில் அதற்கென்று வழி உண்டு. முகவரியின் இறுதியில் ‘பிரிண்ட்-பிடிஎஃப்’ என்று சேர்த்துத் திறந்தால் ஸ்லைடுகள் பக்கம் பக்கமாக விரியும். அங்கிருந்து பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம். பேசுபவரின் குறிப்புகளைத் தனிப் பக்கத்தில் சேர்க்கவும், வரி வரியாக வெளிப்படுபவற்றை ஒரே பக்கத்தில் ஒடுக்கவும் அமைப்புகள் இருக்கின்றன. இருந்தாலும் கிடைப்பது திரையின் படம்தான். இயல்பான தீம் கறுப்பு. பின்னணி நிறத்தை பிரவுசர்கள் தாமாக அச்சிடுவதில்லை. அப்போது கறுப்புப் பின்னணியை நம்பி வரைந்த வெளிர்நிறக் கோடுகள் வெள்ளைத் தாளில் காணாமல் போகின்றன. பின்னணியையும் அச்சிடச் சொன்னால் தாள் முழுக்க மை. கறுப்புத் தாளில் மாணவர் எந்தப் பேனாவால் எழுதுவார்?

இதைச் சரிசெய்யும் வேலை பெரும்பாலும் சில வரி அச்சு விதிகளில் அடங்கிவிடும். பின்னணியை வெள்ளையாக்கி எழுத்தைக் கறுப்பாக்குவது முதல் வேலை. மறைந்திருக்கும் வரிகளை வெளிப்படுத்தி, ஒரு ஸ்லைடு இரண்டு பக்கங்களில் உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாளில் இணைப்பைச் சொடுக்க முடியாது என்பதால் அதன் முகவரி பக்கத்திலேயே அச்சாக வேண்டும். 2002-இலேயே எரிக் மேயர் ஒரு கட்டுரையில் இதற்கு வழி காட்டியிருந்தார். காணொளி இருந்த இடத்தில் ஒரு படமும் ஒரு வரி விளக்கமும் வர வேண்டும்.

அடுத்துக் கோடுகள். ஏ4 தாளை நிமிர்த்தி வைத்து, ஸ்லைடை இடப்புறம் பாதி அகலத்துக்குச் சுருக்கி, வலப்புறம் கோடு போட்ட இடம் விடலாம். அந்தக் கோடுகளைப் பின்னணி ஓவியமாக வரைந்தால் அச்சில் வராது. எல்லைக் கோடாக வரைந்தால் வரும். இதைவிட நுட்பமானது, எதை அச்சிடாமல் விடுவது என்ற முடிவு. தேற்றத்தின் கூற்றைத் தாளில் வைத்து, நிறுவலின் படிகளைத் திரையில் மட்டும் காட்டினால், மாணவர் அந்தப் படிகளைத் தாமே எழுதுவார். வரைபடத்தின் அச்சுகளை மட்டும் தந்து வளைகோட்டை விட்டுவைத்தால், அதை வரைய வேண்டியவர் அவர்தான். சைக்ளோஸ்டைல் காலத்து ஆசிரியர் ஸ்டென்சில் அடிக்கும்முன் எடுத்த முடிவும் இதுதான்.

இந்திய மாணவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான தேவை. கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடைக்கு இணைப்பை அனுப்பினால் வேலை ஆகாது, பிடிஎஃப் வேண்டும். கறுப்புப் பக்கங்களோடு போனால் கடைக்காரர் மை தீர்கிறதென்று முகம் சுளிப்பார், தேர்வுக்கு முந்தைய நாள் வரிசை நீளும். 2003-இல் ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் தொடங்கி, சென்னை ஐஐடி ஒருங்கிணைத்துவரும் என்பிடெல் திட்டம் இந்தத் தேவையைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. காணொளிப் பாடங்களோடு, விரிவுரையின் எழுத்து வடிவமும் பதிவிறக்கிக்கொள்ளும்படி தரப்படுகிறது. தமிழ் உள்ளிட்ட மொழிகளில் அதன் மொழிபெயர்ப்புகளும் வருகின்றன. ஆனால், முழு எழுத்து வடிவம் படிப்பதற்கு உதவும். வகுப்பில் எழுதுவதற்கு அதில் இடமில்லை.

பிரவுசர்கள் இப்போது ஓரளவு உதவிக்கு வந்திருக்கின்றன. பக்கத்தின் மேலும் கீழும் உள்ள ஓரங்களில் பாடத்தின் பெயரையும் பக்க எண்ணையும் ஆசிரியர் விரும்பும் வடிவில் அச்சிட வேண்டுமானால், நெடுநாள் பிரின்ஸ் போன்ற தனி மென்பொருள் தேவைப்பட்டது. 2024 இறுதியில் வந்த குரோம் 131 அந்த ஓரங்களுக்கான விதிகளை நேரடியாகவே ஏற்கத் தொடங்கியது. ஒரு பருவம் முழுக்கச் சேர்ந்த தாள்கள் கலைந்துபோனாலும், எந்தப் பாடம், எத்தனையாவது பக்கம் என்று பார்த்து மாணவர் அடுக்கிக்கொள்ளலாம். இனி மீதமிருப்பது ஸ்லைடு கருவிகளை உருவாக்குபவர்களின் பங்கு. எஸ்5-இலும் ஸ்லைடியிலும் இருந்த கைத்தாள் பகுதி, கோடு போட்ட வெள்ளைப் பக்கத்தோடு சேர்ந்து, ஒவ்வொரு புதிய தீமிலும் முதல் நாளிலிருந்தே இயல்பாக இடம்பெற வேண்டும். அதற்கான விதிகளை ஒவ்வொரு ஆசிரியரும் இரவில் விழித்திருந்து தனியே எழுதும் நிலை தொடரக் கூடாது.